‘வேண்டும்’ என்பதன் எடை: ஹேக் நீதிமன்றத்தில் இரண்டு மொழிகள்

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் மேசையில் நீண்டகாலம் இருந்தவர்கள் நீளமான சொற்களைக் கண்டு அஞ்சுவதில்லை. கலைச்சொல் என்றால் அகராதியில் கிடைக்கும். கிடைக்காவிடின் ஒலிபெயர்த்து எழுதிவிடலாம். அவர்களைத் தடுமாற வைப்பவை மூன்றெழுத்திலும் நான்கெழுத்திலும் வரும் எளிய வினைச்சொற்கள்தாம். எல்லோருக்கும் தெரிந்த சொற்கள் என்பதால் அவற்றுக்காக எவரும் அகராதியைப் புரட்டுவதில்லை. பிழைகள் நுழைவதும் அந்த வழியாலேயே.

ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் பெயர்ப்போருக்கும் இதே தொல்லை உண்டு. ‘கெட்’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு ஓர் ஆங்கிலேயர் கடிதம் பெறுவார், வீடு சேருவார், முதுமை அடைவார், நகைச்சுவையையும் புரிந்துகொள்வார். பிரெஞ்சுக்காரருக்கோ இந்த நான்குக்கும் நான்கு வெவ்வேறு வினைகள் தேவை. ‘டேக்’ என்ற வினையும் அப்படியே. மருந்தை உட்கொள்வதற்கும் புகையிரதத்தில் ஏறுவதற்கும் ‘பிராந்திர்’ என்ற பிரெஞ்சு வினை போதும். ஆனால் பரீட்சை எழுதுவதற்கு ‘பாஸே’ என்ற வினையைத் தேட வேண்டும். அதை ஆங்கிலக் காதோடு கேட்பவர், பரீட்சை எழுதிவிட்டு வந்தவரைச் சித்தியடைந்தவர் என்று எண்ணி வாழ்த்திவிடுவார்.

வீட்டிலும் வீதியிலும் நேரும் இத்தகைய பிழைகள் சிரிப்போடு முடிந்துவிடும். நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்ட ஆவணம் ஒன்றிலே, ஆங்கில வினை ஒரு பொருளையும் அதற்கு நேரான பிரெஞ்சு வினை இன்னொரு பொருளையும் தருமானால் என்ன ஆகும்? அந்தக் கேள்வி எண்பது ஆண்டுகள் விடையின்றிக் கிடந்தது. விடை வருவதற்குள் ஒரு மனிதனின் உயிர் போயிருந்தது.

சிக்கலுக்குரிய ஆங்கில வினைகள் ‘ஷுட்’, ‘ஓட்’ ஆகிய இரண்டும். இரண்டும் ஒருவர் செய்ய வேண்டியதைக் குறிப்பவை. எவ்வளவு தூரம் வேண்டியது என்பதை அவை சொல்வதில்லை. இந்தத் திரைப்படத்தை நீ பார்க்க வேண்டும் என்று நண்பன் கூறும்போதும், இந்த மருந்தை நீ நிறுத்த வேண்டும் என்று வைத்தியர் எச்சரிக்கும்போதும் ஆங்கிலத்தில் அதே ‘ஷுட்’ வரலாம். யோசனை, அறிவுரை, கடமை என்று அதன் எல்லை விரிந்துகொண்டே போகும். உறுதியான கட்டளை வேண்டுமெனில் ஆங்கிலச் சட்ட மொழி ‘ஷல்’ அல்லது ‘மஸ்ட்’ என்ற வினையை நாடும்.

பிரெஞ்சு மொழியில் இதற்குரிய வினை ‘தெவுவார்’. நிகழ்காலப் பன்மையில் அது ‘துவாவ்’ என்று வரும்; சட்ட நூலில் அவ்வாறு வந்தால் செய்தே ஆக வேண்டும் என்பது பொருள். அதையே நிபந்தனை வடிவில் ‘தெவ்ரே’ என்று மாற்றினால் செய்வது நல்லது, செய்யத் தகும் என்ற மென்மையான பொருள் கிடைக்கும். ஆங்கிலேயர் ‘ஷுட்’ என்று சொல்லிவிட்டு இரண்டுக்கும் நடுவே நின்றுகொள்ளலாம். அதைப் பிரெஞ்சில் பெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும்.

இனி வழக்குக்கு வருவோம்.

1982 ஜனவரி 7ஆம் திகதி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மரானா என்ற ஊரிலுள்ள வங்கி ஒன்றில் ஆயுதக் கொள்ளை முயற்சி இடம்பெற்றது. வங்கியின் முகாமையாளர் கொல்லப்பட்டார். ஊழியர் ஒருவர் படுகாயமுற்றார். கார்ல் லாகிரான்ட், வால்ட்டர் லாகிரான்ட் என்ற சகோதரர் இருவர் கைது செய்யப்பட்டு 1984இல் மரண தண்டனை விதிக்கப்பட்டனர். சிறுவர்களாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட இவர்கள் ஜேர்மனியில் பிறந்தவர்கள். இறுதிவரை ஜேர்மன் பிரஜைகளாகவே இருந்தவர்கள்.

வெளிநாட்டவர் ஒருவர் கைதானால், தமது நாட்டின் துணைத்தூதரகத்துக்குத் தகவல் கொடுக்கும் உரிமை தமக்கு உண்டென்பதை அவருக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது உறுப்புரை கூறுகிறது. லாகிரான்ட் சகோதரர்களுக்கு அவ்வாறு அறிவிக்கப்படவில்லை. வேறு வழியாக அந்த உரிமையை அறிந்துகொண்ட அவர்கள் 1992இல் தாமாகவே ஜேர்மன் துணைத்தூதரகத்தை நாடினர். அதற்குள் பத்தாண்டுகள் கழிந்திருந்தன. தொடக்கத்திலேயே எழுப்பியிருக்க வேண்டிய ஆட்சேபத்தைக் காலங்கடந்து எழுப்ப முடியாதென்று அமெரிக்க நீதிமன்றங்கள் கதவை மூடிவிட்டன. குற்றம் செய்யப்பட்டதா என்பது ஹேக் வரை சென்ற வழக்கில் பிரச்சினையாக இருக்கவில்லை. ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பதே அங்கே பிரச்சினை.

1999 பெப்ரவரி 24ஆம் திகதி கார்லுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வால்ட்டருக்குக் குறிக்கப்பட்ட நாள் மார்ச் 3. அதற்கு முதல்நாள் மாலை ஜேர்மனி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தீர்ப்பு வரும்வரை தண்டனையை நிறுத்திவைக்கும் இடைக்கால நடவடிக்கையைக் கோரியது.

அப்போது நீதிமன்றத்தின் தலைவராக இருந்தவர் அமெரிக்கரான ஷுவெபெல். தமது நாடே வழக்கில் ஒரு தரப்பாக இருக்கையில் அவர் தலைமை தாங்க முடியாது. ஆகவே அந்தப் பொறுப்பு உபதலைவரிடம் சென்றது. அந்த உபதலைவர் இலங்கையரான நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி. 1926இல் கொழும்பில் பிறந்து, 1967 முதல் 1972 வரை இலங்கை உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக இருந்து, பின்னர் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர் அவர். 1991 முதல் 2000 வரை ஹேக்கில் நீதியரசராக விளங்கிய அவர் 2017இல் காலமானார். வழக்குப் பதிவான அன்றே அவர் அமெரிக்க அரசுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நீதிமன்றம் பிறப்பிக்கக்கூடிய கட்டளை எதுவாயினும் அது பயன் தரத்தக்க வகையில் நடந்துகொள்ளும் தேவையை அதில் அவர் நினைவூட்டியிருந்தார்.

மறுநாள் மார்ச் 3ஆம் திகதி, வாய்மொழி விசாரணை எதுவுமின்றி, நீதிமன்றம் ஏகமனதாகக் கட்டளை பிறப்பித்தது. இறுதித் தீர்ப்பு வரும்வரை வால்ட்டர் லாகிரான்டுக்குத் தண்டனை நிறைவேற்றப்படாதிருக்கத் தன் கையிலுள்ள எல்லா நடவடிக்கைகளையும் ஐக்கிய அமெரிக்கா எடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ‘எடுக்க வேண்டும்’ என்ற இடத்தில் ஆங்கிலப் பிரதியில் இருந்த வினை ‘ஷுட்’. பிரெஞ்சுப் பிரதியில் இருந்ததோ ‘துவாவ்’. ஒரே நீதிமன்றம் ஒரே நாளில் பிறப்பித்த ஒரே கட்டளையை ஆங்கிலத்தில் படித்தவர் ஆலோசனையாகவும் கொள்ளலாம். பிரெஞ்சில் படித்தவருக்கு அந்த வசதி இல்லை.

வாஷிங்டன் ஆங்கிலத்தையே படித்தது. சர்வதேச நீதிமன்றத்தின் இடைக்காலக் கட்டளை கட்டுப்படுத்தும் வலிமை அற்றது என்று அமெரிக்க சொலிசிட்டர் ஜெனரல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. வெளிவிவகாரத் திணைக்களம் கட்டளையை அரிசோனா ஆளுநருக்கு அனுப்பிவைத்தது. ஆனால் தண்டனையைச் சிறிது தாமதியுங்கள் என்று ஒரு வரிகூட அதனுடன் சேர்க்கவில்லை. அறுபது நாள் அவகாசம் கொடுக்கலாம் என்று மாநிலத்தின் கருணைச் சபையே பரிந்துரைத்திருந்தும் ஆளுநர் ஏற்கவில்லை. அன்றே வால்ட்டர் லாகிரான்ட் நச்சு வாயு அறையில் உயிரிழந்தார்.

இது முதல் தடவையும் அன்று. ஓராண்டுக்கு முன்னர், 1998 ஏப்ரல் மாதத்தில், பரகுவே நாட்டவரான பிரேயார்ட் என்பவர் தொடர்பில் அதே நீதிமன்றம் ஏறத்தாழ அதே சொற்களில் கட்டளையிட்டிருந்தது. ஐந்து நாட்களில் வேர்ஜீனியா மாநிலம் அவருக்குத் தண்டனையை நிறைவேற்றியது. அப்போதும் அமெரிக்கத் தரப்பு முன்வைத்த வாதம் வினைச்சொற்களைப் பற்றியதே. அதற்குப் பின் பரகுவே தன் வழக்கை மீளப்பெற்றுக்கொண்டது. ஜேர்மனியோ தன் பிரஜை இறந்த பின்பும் வழக்கைக் கைவிடவில்லை. அதனால்தான் விடை கிடைத்தது.

அந்த வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிடவும் முடியாது. நீதிமன்றத்தின் நியதிச்சட்டத்தில் இடைக்கால நடவடிக்கைகளுக்கு அதிகாரம் கொடுப்பது 41ஆவது உறுப்புரை. எந்த நடவடிக்கைகள் எடுக்கப்பட வேண்டும் என்பதை நீதிமன்றம் ‘இன்டிகேட்’ செய்யலாம் என்பது ஆங்கில வாசகம். ‘இன்டிகேட்’ என்ற வினையும் பல முகம் கொண்டதே. சுட்டிக்காட்டுதல், குறிப்பிடுதல், தெரிவித்தல் என்பவற்றோடு அறிவுறுத்தல் வரையும் அது செல்லும். கட்டளையிடுதல் என்று பொருள் தரும் ‘ஓர்டர்’ அங்கே இல்லை. ‘எடுக்கப்பட வேண்டும்’ என்பதற்கு ‘மஸ்ட்’, ‘ஷல்’ என்ற இரண்டையும் விட்டு ‘ஓட்’ வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பந்தியில் இந்நடவடிக்கைகளை ‘யோசனை கூறப்பட்ட’ நடவடிக்கைகள் என்றே ஆங்கிலம் விவரிக்கிறது. ஆங்கிலத்தை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அமெரிக்க வாதம் நியாயமாகவே தோன்றும்.

இந்த வினைகள் அங்கே வந்து சேர்ந்த கதை 1920ஆம் ஆண்டுக்குரியது. முதலாம் உலகப் போரின் பின் நிரந்தர சர்வதேச நீதிமன்றம் ஒன்றை அமைப்பதற்கான நியதிச்சட்டத்தை வரைய, சர்வதேச சங்கம் பத்துச் சட்ட அறிஞர்களை ஹேக் நகரில் கூட்டியது. அக்காலத்தில் இராஜதந்திரத்தின் முதன்மை மொழி பிரெஞ்சே. நியதிச்சட்டத்தின் மூல வாசகமும் பிரெஞ்சில்தான் உருவானது. இடைக்கால நடவடிக்கை பற்றிய விதி முதல் வரைவில் இருக்கவில்லை. பிரேசில் நாட்டுச் சட்ட அறிஞர் ரவுல் பெர்னாண்டஸ் அதனைப் பிரேரித்தார். அவர் வைத்த வினை ‘ஓர்தொன்னே’, அதாவது கட்டளையிடுதல்.

அந்தச் சொல் ஏனையோருக்குக் கடுமையாகப் பட்டது. இறைமையுள்ள அரசுகளை ஒரு நீதிமன்றம் கட்டளையிடுவதா என்ற தயக்கம் எழுந்தது. கட்டளையை நிறைவேற்றப் படையோ பொலிசோ இல்லாத நீதிமன்றம் அப்படிப்பட்ட சொல்லைப் பயன்படுத்தலாமா என்றும் எண்ணினர். ஆகவே பிரெஞ்சில் ‘அந்திக்கே’, அதாவது குறிப்பிடுதல், என்ற மெல்லிய வினை வந்தது. அதே வாக்கியத்தின் பின்பகுதியிலோ ‘துவாவ்’ உறுதியாக நின்றது. ஆங்கில வரைவில் முதலில் யோசனை கூறுதல் என்ற வினை இருந்தது. பின்னர் அதனை ‘இன்டிகேட்’ என்று திருத்தினார்கள். ஆனால் அடுத்த பந்தியில் இருந்த பழைய சொல் அப்படியே தங்கிவிட்டது. பிரெஞ்சின் ‘துவாவ்’ ஆங்கிலத்தில் ‘ஓட்’ ஆனது. 1945இல் ஐக்கிய நாடுகள் சபை உருவானபோது பழைய நியதிச்சட்டம் சிறு மாற்றங்களுடன் புதிய நீதிமன்றத்துக்கு வழங்கப்பட்டது. இந்த வினைகளும் கூடவே வந்தன.

2001 ஜூன் 27ஆம் திகதி வெளியான தீர்ப்பில் நீதிமன்றம் முதலில் செய்தது, இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்ததே. பிரெஞ்சின் ‘அந்திக்கே’ நடுநிலையானதாக இருக்கலாம், ஆனால் ‘துவாவ்’ ஏவல் தன்மை கொண்டது என்று அது கண்டது. ஆங்கில வினைகள் அவ்வளவு தெளிவாக இல்லை. பிரெஞ்சே மூலம் என்ற வரலாற்றைக் கொண்டு பார்த்தால் ‘ஓட்’ என்பதையும் கட்டளையாகவே கொள்ளலாம் என்றும் வாதிக்க இடமிருந்தது. ஆனால் நீதிமன்றம் மூலத்தை வைத்து மட்டும் முடிவு செய்யவில்லை. ஐ.நா. சாசனத்தின்படி இரு வாசகங்களும் சம அதிகாரம் கொண்டவை. ஒன்றை முதல் என்றும் மற்றதை நிழல் என்றும் ஒதுக்க இயலாது. இத்தகைய இடத்தில், உடன்படிக்கையின் நோக்கத்தைக் கருத்திற் கொண்டு இரண்டையும் மிகச் சிறப்பாக இணக்கும் பொருளையே ஏற்க வேண்டும் என்பது, உடன்படிக்கைகளின் சட்டம் பற்றிய 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை 33ஆவது உறுப்புரையில் வகுத்த விதி.

நோக்கம் என்ன? வழக்கு முடிவதற்குள் வழக்குப் பொருளே அழிந்துவிடாமல் காப்பது. அப்படிக் காக்கும் கட்டளையை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்றால் அதிகாரம் கொடுத்ததற்கே அர்த்தமில்லை. ஆகவே இடைக்காலக் கட்டளைகள் அரசுகளைக் கட்டுப்படுத்துவன என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கா அந்தக் கட்டளையை மீறியது என்பதற்கு ஆதரவாகப் பதின்மூன்று வாக்குகளும் எதிராக இரண்டு வாக்குகளும் அளிக்கப்பட்டன. 1920ஆம் ஆண்டின் தயக்கத்துக்கும் நீதிமன்றம் அங்கேயே பதில் கூறியது. ஒரு கட்டளையை நிறைவேற்றும் சாதனம் இல்லை என்பது வேறு. அந்தக் கட்டளைக்குக் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை என்பது வேறு. முதலாவது உண்மையாக இருப்பதால் இரண்டாவதும் உண்மையாகிவிடாது.

மொழிபெயர்ப்பைப் பற்றி நாம் வழக்கமாகக் கொண்டிருக்கும் எண்ணத்தை இந்தத் தீர்ப்பு சற்றே திருப்பிப் போடுகிறது. மொழிபெயர்ப்பில் பொருள் சேதமாகும் என்பது பொதுவான முறைப்பாடு. இங்கே ஆங்கிலம் தனித்து நின்றபோது மறைவிடமாகப் பயன்பட்டது. பக்கத்தில் பிரெஞ்சு வந்து நின்றபோதுதான் அந்த மறைவிடம் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டாவது மொழி ஒரு சாட்சியாக நின்றது.

அதன் பயன் நீதிமன்றத்தின் சொந்த எழுத்திலேயே தெரிந்தது. தீர்ப்புக்கு ஓராண்டு முன்னரே, கொங்கோ தொடுத்த வழக்கில் 2000 ஜூலை மாதக் கட்டளையில் ‘மஸ்ட்’ தோன்றியிருந்தது. மரண தண்டனைக் கைதிகள் தொடர்பாக மெக்சிக்கோ தொடுத்த அவெனா வழக்கில் 2003 பெப்ரவரி 5ஆம் திகதி பிறப்பித்த கட்டளையில், பழைய ‘ஷுட்’ இருந்த இடத்தில் ‘ஷல்’ வந்து அமர்ந்தது. மியன்மார் தொடர்பில் 2020இலும், ரஷ்யா தொடர்பில் 2022இலும், இஸ்ரேல் தொடர்பில் 2024இலும் பிறந்த கட்டளைகள் யாவும் அந்த வினையிலேயே எழுதப்பட்டன.

வினை திருந்தியதும் எல்லாம் திருந்திவிட்டது என்று இதை முடித்தால் வாசகரை ஏமாற்றியதாகும். அவெனா வழக்கில் 2004இல் மெக்சிக்கோவுக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. 2005இல் அமெரிக்கா, இத்தகைய வழக்குகளுக்கு வழிவிடும் உடன்பாட்டிலிருந்தே விலகிக்கொண்டது. அந்தத் தீர்ப்பின் பயனைக் கோரி மெடலின் என்ற கைதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது இன்னொரு பலபொருள் வினை எதிரே நின்றது. சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு இணங்கி நடக்க ஒவ்வோர் உறுப்பு நாடும் ‘அண்டர்டேக்’ செய்கிறது என்று ஐ.நா. சாசனத்தின் 94ஆவது உறுப்புரை கூறுகிறது. முயற்சியை மேற்கொள்வதும், பொறுப்பை ஏற்பதும், வாக்குக் கொடுப்பதும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். பிரெஞ்சு வாசகத்திலுள்ள ‘சாங்கஜே’ என்ற வினையோ ஈடு, பிணை என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. தன்னையே பிணையாக வைப்பது அதன் அடிப்பொருள்.

2007இல் பொஸ்னியா வழக்கில், இனப்படுகொலை உடன்படிக்கையிலுள்ள அதே வினைக்கு, முறைப்படி தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் வாக்குறுதி என்று சர்வதேச நீதிமன்றம் பொருள் கண்டிருந்தது. ஆனால் 2008 மார்ச் 25ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், சாசனத்தில் ‘ஷல்’ என்றோ ‘மஸ்ட்’ என்றோ இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. சர்வதேசக் கடப்பாடு உண்டு என்பதை அது மறுக்கவில்லை. அந்தக் கடப்பாடு உள்நாட்டு நீதிமன்றங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது. அவ்வாண்டு ஜூலையில் ஹேக் நீதிமன்றம் ‘ஷல்’ என்ற வினையுடனேயே மீண்டும் கட்டளையிட்டது. ஓகஸ்ட் 5ஆம் திகதி டெக்சாஸ் மாநிலம் மெடலினுக்குத் தண்டனையை நிறைவேற்றியது. கட்டளை மீறப்பட்டது என்று 2009 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இம்முறை சொல்லைக் குறைகூற எவராலும் முடியவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த வரலாறு முற்றிலும் அந்நியமானதன்று. ‘ஓட்’ என்ற ஆங்கிலச் சொல், கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் வினையின் பழைய இறந்தகால வடிவம். ‘தெவுவார்’ என்பதும் கடன்பட்டிருத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையின் வழி வந்ததே. தமிழிலும் கடன் என்ற சொல் கொடுக்க வேண்டிய பணத்தையும் செய்ய வேண்டிய பணியையும் சேர்த்தே குறித்து வந்திருக்கிறது. மூன்று மொழியினரும் கடமையை ஒரு கடனாகவே எண்ணியிருக்கிறார்கள்.

நமது ‘வேண்டும்’ என்ற சொல்லோ ‘ஷுட்’ என்பதையும் விஞ்சும். விரும்புதலும் இரத்தலும் அதற்குள் உண்டு. அறிவுரையும் கட்டளையும் அதற்குள் உண்டு. இலங்கைச் சட்டங்களின் தமிழ் வாசகங்களில் ‘ஷல்’ என்பதற்கு ஈடாக நிற்பதும் ‘ஆதல் வேண்டும்’ என்ற அந்தத் தொடரே. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது இந்த வினையைக் கொண்டுதான். அங்கே அது கட்டளை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்குச் சிங்களத்தில் பதில் பெற்றவர்கள் நம்மிடையே ஏராளம்.

ஹேக் நீதிமன்றம் பிரித்துக் காட்டியது போல, கட்டுப்படுத்தும் வலிமை வேறு, நிறைவேற்றும் சாதனம் வேறு. வினைச்சொல்லைத் திருத்துவதால் இரண்டாவது கிடைத்துவிடுவதில்லை. ஆனால் தெளிவான வினை ஒன்றைச் செய்துவிடும்: கட்டளை என்று எனக்குத் தெரியாது, ஆலோசனை என்றே எண்ணினேன் என்று சொல்லும் வாய்ப்பை அது எடுத்துவிடும். 1999 மார்ச் 3ஆம் திகதி அந்த வாய்ப்பு இருந்தது. ஆங்கிலப் பிரதியைத் தயாரித்தவர்கள் பிரெஞ்சின் ‘துவாவ்’ என்பதற்கு ‘மஸ்ட்’ என்று எழுதியிருந்தால் வால்ட்டர் லாகிரான்ட் பிழைத்திருப்பார் என்று எவராலும் உறுதி கூற முடியாது. அவரைக் கைவிட்டவர்கள் தாங்கள் செய்வது இன்னதென்று அறிந்தே செய்திருப்பார்கள் என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம்.